ஏட்டுச் சுரைக்காயும் கொடிச் சுரைக்காயும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழியை, வெறும் படிப்பை மட்டும் வச்சுக்கிட்டு வேலை தெரியாம நிக்கிறவனைக் கிண்டல் பண்ணத்தான் நம்ம ஊரில் எடுப்பாங்க. கம்ப்யூட்டர் உலகில் ஒரு கூட்டம் முப்பது வருஷமா இந்தப் பழமொழியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. அவங்க ஆசை ரொம்பச் சின்னது. ஏட்டில் ஒரு சுரைக்காயை எழுதினால் கொடியில் அதே மாதிரி ஒன்று காய்க்கணும், ஏட்டைத் திருத்தினால் கொடியில் இருப்பதும் திருந்தணும். இது கிட்டத்தட்ட நடந்தும்விட்டது. மிச்சம் இருப்பது ஒரே ஒரு கேள்விதான்: ஏட்டைத் தொடாமல் யாராவது நேராகக் கொடியில் கைவைத்தால் என்ன ஆகும்?

இந்தக் கேள்விக்கு யார் யார் எப்போது என்ன பதில் சொன்னார்கள் என்று கொஞ்ச நாளாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அந்தக் குறிப்புகளைக் கோத்ததுதான் இந்தக் கட்டுரை. துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கும் புரிகிற மாதிரி எழுத முயன்றிருக்கிறேன். துறையில் இருப்பவர்கள் அடுத்த பகுதியைத் தாண்டிப் போனாலும் நஷ்டம் இல்லை.

எது ஏடு, எது கொடி?

இன்றைக்கு ஒரு கம்பெனிக்கு சர்வர் வேண்டுமென்றால் யாரும் கடைக்குப் போய்ப் பெட்டி வாங்கித் தூக்கிவருவதில்லை. அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் மாதிரி கிளவுட் நிறுவனங்களிடம் வாடகைக்கு எடுக்கிறார்கள். எடுப்பதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, ஏபிஐ. "எனக்கு 4 ஜிபி மெமரியில் ஒரு சர்வர் கொடு" என்று ஒரு கட்டளையை நேராக அனுப்புவது. வெப்சைட்டில் போய் பட்டனை அழுத்தினாலும் உள்ளே போவது இதே மாதிரி ஏபிஐ கட்டளைதான். இன்னொன்று, டெம்ப்ளேட். எனக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு ஃபைலில் முழுசாக எழுதி ஒரு கருவியிடம் கொடுத்துவிடுவது. அந்தக் கருவி அதைப் படித்து, தேவையான ஏபிஐ கட்டளைகளைத் தானே அனுப்பும்.

டெம்ப்ளேட்தான் ஏடு. ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்தான் கொடி. டெம்ப்ளேட் வைத்திருக்கும் இடத்திலும் ஏபிஐ கதவு திறந்தேதான் இருக்கும். ஆகவே ஏடு ஒன்று சொல்ல, கொடி வேறொன்றாக இருக்கும் நிலை வரத்தான் செய்யும். இதற்குத் துறையில் 'டிரிஃப்ட்' என்று பெயர். நங்கூரம் போடாத தோணி தண்ணீரோடு மெல்ல நகர்ந்துபோவது மாதிரி விலகிப்போவது. தமிழில் விலகல் என்றே சொல்லலாம்.

ஒரு உதாரணத்தை வைத்துக்கொள்வோம், கடைசி வரைக்கும் உபயோகப்படும். டெம்ப்ளேட்டில் ஒரு சர்வருக்கு 4 ஜிபி மெமரி என்று எழுதியிருக்கிறது. ஒரு ராத்திரி 2 மணிக்குக் கூட்டம் தாங்காமல் சைட் விழுந்துவிடுகிறது. டியூட்டியில் இருந்தவர் கன்சோலைத் திறந்து அதை 16 ஜிபி ஆக்குகிறார். சைட் எழுந்துவிட்டது, அவர் தூங்கப் போய்விட்டார். டெம்ப்ளேட்டில் இன்னும் 4 என்றுதான் இருக்கிறது. இப்போ எது உண்மை, 4-ஆ 16-ஆ?

ஆஸ்லோவில் ஒரு இயற்பியல்காரர்

இந்தக் கேள்வி கிளவுடுக்கு முன்னாலேயே பிறந்துவிட்டது. மார்க் பர்ஜஸ் என்ற பிரிட்டிஷ் இயற்பியலாளர் 1993-இல் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அவருடைய துறையில் இருந்த கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது. அந்தக் காலத்து யூனிக்ஸ் மெஷின்கள் ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஸ்கிரிப்ட் எழுதி மாளாது. அதற்காக அவர் எழுதிய கருவிதான் சிஎஃப்எஞ்சின்.

அதில் ஒரு புது யோசனை இருந்தது. "இதைச் செய், அப்புறம் அதைச் செய்" என்று படிப்படியாகச் சொல்லாமல், மெஷின் கடைசியில் எப்படி இருக்க வேண்டும் என்பதை மட்டும் எழுதிவைப்பது. கருவி அடிக்கடி வந்து பார்க்கும். எழுதியபடி இருந்தால் சும்மா போய்விடும், விலகியிருந்தால் சரிசெய்துவிட்டுப் போகும். எத்தனை தடவை ஓடவிட்டாலும் கெடுதல் கிடையாது. விலகல் எங்கிருந்து தொடங்கினாலும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கும். இதை அவர் குவிதல் என்ற பொருள்படும் சொல்லால் அழைத்தார். 1998-இல் பாஸ்டனில் நடந்த லீசா மாநாட்டில், கம்ப்யூட்டர்களுக்கு உடம்பில் இருக்கிற மாதிரி நோய் எதிர்ப்புச் சக்தி வேண்டும் என்று ஒரு கட்டுரையும் படித்தார். அவர் பார்வையில் விலகல் என்பது ஜலதோஷம் மாதிரி, வரும். அதைத் தடுப்பதைவிட வந்தால் தானாகக் குணமாகிற உடம்பு இருப்பதுதான் முக்கியம்.

இந்தப் பார்வை 2005-இல் லூக் கேனிஸ் தொடங்கிய பப்பெட் கருவிக்கும், 2009-இல் வந்த ஷெஃபுக்கும் போய்ச்சேர்ந்தது. கேனிஸே முன்பு சிஎஃப்எஞ்சினில் வேலைபார்த்தவர்தான். பப்பெட் ஏஜென்ட், யாரும் மாற்றி அமைக்காவிட்டால், 30 நிமிடத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கும். நீங்கள் சர்வருக்குள் புகுந்து ஒரு கான்ஃபிக் ஃபைலைக் கையால் திருத்தினால், அரை மணி நேரத்துக்குள் அது பழையபடி ஆகிவிடும். "நான் மாத்தினேனே, எப்படிப் போச்சு?" என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் ஒரு தலைமுறையே உண்டு.

கவனித்தால், இங்கே ஒரு தீர்ப்பு சத்தமில்லாமல் எழுதப்பட்டுவிட்டது. ஏடுதான் உண்மை, கொடியில் இருப்பது நோய். கைவைத்தவருக்கு ஒரு காரணம் இருந்திருக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மூன்று சொற்கள்

இதே துறையில் ஸ்டீவ் டிராகாட் என்று இன்னொருவர். அவரும் லான்ஸ் பிரவுனும் 2002-இல் லீசா மாநாட்டுக்கு எழுதிய கட்டுரை, என் குறிப்புகளில் அதிகம் கோடு போட்ட கட்டுரை. சர்வர்களைப் பராமரிக்கும் முறைகளை அவர்கள் மூன்றாகப் பிரித்தார்கள்.

முதலாவது, விரிதல். ஆளாளுக்குக் கையால் மாற்றிக்கொண்டே போவது. நாளாக ஆக, இருக்கவேண்டிய நிலையிலிருந்து தூரம் கூடிக்கொண்டே போகும். இரண்டாவது, குவிதல். பர்ஜஸ் சொன்னது, இருக்கவேண்டிய நிலையை நோக்கி நெருங்கிக்கொண்டே இருப்பது. மூன்றாவது, ஒன்றியிருத்தல். வெறும் டிஸ்கிலிருந்து தொடங்கி, அதே மாற்றங்களை அதே வரிசையில் செய்து, எழுத்துக்கு எழுத்து ஒன்றாக வைத்திருப்பது.

குவிதலில் ஒரு ஓட்டை இருக்கு என்பது அவர்கள் வாதம். கருவி, ஏட்டில் எழுதியிருக்கும் விஷயங்களை மட்டும்தான் பார்க்கும். எழுதாத இடத்தில் நடக்கும் மாற்றம் அதன் கண்ணில் படவே படாது. பத்து விஷயத்தை எழுதிவைத்தால் பத்தும் சரியாக இருக்கும். பதினொன்றாவது எங்கேயோ போயிருக்கும். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பதினாறு வருஷம் கழித்து அமேசானில் திரும்ப வரும்.

எழுதப்பட்ட நிலையும் நிஜமும் ஒன்றாக இல்லாவிட்டால் என்ன விலை என்பதற்கு ஊரறிந்த சாட்சி 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கப் பங்குச்சந்தையில் நடந்தது. நைட் கேப்பிட்டல் என்ற நிறுவனம் தன் 8 சர்வர்களில் புது மென்பொருளை ஏற்றியது. ஏழில் ஏறியது, ஒன்றில் விட்டுப்போனது. விட்டுப்போன சர்வரில் பல வருஷமாகப் பயன்படாத பழைய புரோகிராம் ஒன்று உயிரோடு இருந்தது. புது மென்பொருளுக்கு என்று ஒதுக்கிய சுவிட்ச், ஒருகாலத்தில் அந்தப் பழசை ஓட்டிய அதே சுவிட்ச். சந்தை திறந்ததும் எட்டாவது சர்வர் வெறிபிடித்த மாதிரி ஆர்டர் போட ஆரம்பித்தது. 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்.

அதைவிட என்னை யோசிக்கவைத்தது நடுவில் நடந்த ஒரு விஷயம். என்ன கோளாறு என்று தெரியாத பதட்டத்தில், சரியாக இருந்த 7 சர்வர்களிலிருந்தும் புது மென்பொருளை நீக்கினார்கள். உடனே அந்த ஏழும் எட்டாவது மாதிரியே நடந்துகொள்ள ஆரம்பித்தன. எட்டும் ஒன்றாக இருக்கின்றன என்று அவர்கள் மனசில் இருந்த ஏடு சொன்னது. கொடியைப் போய்ப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

கதவு முதலில், ஏடு பிறகு

இப்போ கிளவுடுக்கு வருவோம். அமேசான் சர்வர் வாடகைச் சேவையான இசி2 சோதனை வடிவில் வெளிவந்தது 2006 ஆகஸ்டில். அப்போது அதற்கு இருந்தது ஏபிஐ மட்டும்தான். பட்டன் அழுத்துகிற வெப் கன்சோல் 2009 ஜனவரியில்தான் வந்தது. டெம்ப்ளேட்டை எடுத்துக்கொண்டு வேலைசெய்யும் கிளவுட்ஃபார்மேஷன் 2011 பிப்ரவரியில். அதாவது கதவு முதலில், பட்டன் அடுத்து, ஏடு கடைசியில். ஏடு வந்தபோது வீட்டுக்குள் ஏற்கெனவே ஆள் நடமாட்டம் இருந்தது.

கிளவுட்ஃபார்மேஷன் எப்படி வேலை செய்யும் என்பது பலருக்கும் முதல் தடவை கேட்கும்போது ஆச்சரியமாக இருக்கும். நீங்கள் புது டெம்ப்ளேட் கொடுத்தால், அது அதை ஓடிக்கொண்டிருக்கும் சர்வரோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. போன தடவை நீங்கள் கொடுத்த பழைய டெம்ப்ளேட்டோடுதான் ஒப்பிடும். இரண்டு ஏட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த வரி மாறியிருக்கிறதோ அதற்கு மட்டும் ஏபிஐயைக் கூப்பிடும். கொடிப்பக்கம் திரும்பவே திரும்பாது.

நம்ம உதாரணத்தை இதில் போட்டுப் பாருங்க. ராத்திரி 2 மணிக்கு 16 ஜிபி ஆன சர்வர் அப்படியே இருக்கும். அடுத்த வாரம் வேறொரு வரியை மாற்றி டெம்ப்ளேட்டைக் கொடுக்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லை. ஆறு மாசம் கழிந்துவிட்டது, அந்த ராத்திரி டியூட்டிக்காரர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் டெம்ப்ளேட்டைப் பார்க்கிறார். "4 ஜிபி ரொம்பக் கம்மியா இருக்கே, 8 ஆக்கிடலாம்" என்று நல்ல எண்ணத்தில் மாற்றுகிறார். மாற்றத்தைப் பரிசீலிப்பவரும் 4 எட்டாகிறது, கூடத்தானே செய்கிறது என்று சம்மதம் சொல்லிவிடுகிறார். நிஜத்தில் சர்வர் 16-இலிருந்து 8-க்கு இறங்குகிறது. கூட்டுகிறோம் என்று நினைத்துக் குறைக்கிறார்கள். இதில் யார் தப்பு என்று கேட்டால் ஒருத்தரையும் கைகாட்ட முடியாது.

இன்னொரு வகையும் உண்டு. டெம்ப்ளேட் உருவாக்கிய ஒன்றை யாராவது கையால் அழித்துவிட்டால், அடுத்த தடவை கருவி அதைத் தேடிப்போய் முட்டிக்கொள்ளும். மாற்றம் தோற்றுப்போய், பழைய நிலைக்குத் திரும்பும் முயற்சியும் தோற்று, முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் நிற்கும் ஒரு நிலை அதில் இருக்கிறது. அனுபவப்பட்டவர்களுக்கு அந்தச் சிவப்பு எழுத்து மறக்காது.

கையால் மாற்றியது எது என்று கண்டுபிடிக்கும் வசதி கிளவுட்ஃபார்மேஷனில் வந்தது 2018 நவம்பரில், கிட்டத்தட்ட எட்டு வருஷம் கழித்து. அதுவும் விலகலைச் சொல்லுமே தவிரத் திருத்தாது. எல்லா வகைச் சேவைக்கும் கிடையாது. டெம்ப்ளேட்டில் நீங்கள் வெளிப்படையாக எழுதிய பண்புகளை மட்டும்தான் ஒப்பிடும்; எழுதாமல் இயல்புநிலைக்கு விட்டதை யாராவது மாற்றியிருந்தால் சொல்லாது. டிராகாட்டின் பதினொன்றாவது விஷயம் இதுதான்.

இரண்டு அல்ல, மூன்று ஏடு

கிளவுட்ஃபார்மேஷன் அமேசானுக்கு மட்டுமானது. இது மாதிரி ஒன்று எல்லாக் கிளவுடுக்கும் பொதுவாக, திறந்த மூலமாக வேண்டும் என்று நினைத்தவர்களில் ஒருவர் மிட்செல் ஹாஷிமோட்டோ. அவர் அர்மான் தட்கருடன் சேர்ந்து தொடங்கிய ஹாஷிகார்ப் நிறுவனத்திலிருந்து 2014 ஜூலையில் டெர்ராஃபார்ம் வந்தது.

டெர்ராஃபார்ம் மூன்று விஷயங்களை வைத்துக்கொண்டு வேலை செய்கிறது. நீங்கள் எழுதிய கோட், அதாவது ஆசை. ஸ்டேட் என்ற தனி ஃபைல், அதாவது கடைசியாகத் தான் பார்த்ததை அதுவே எழுதிவைத்திருக்கும் நினைவு. மூன்றாவது, ஏபிஐ இப்போது சொல்லும் நிஜம். ஒவ்வொரு தடவையும் திட்டம் போடும் முன்னால், வேண்டாம் என்று சொல்லாவிட்டால், நிஜத்தைக் கேட்டு நினைவைப் புதுப்பித்துக்கொள்ளும். அப்புறம்தான் ஆசையோடு ஒப்பிடும்.

நம்ம உதாரணத்தில், மறுநாளே யாராவது திட்டம் போட்டுப் பார்த்தால் "16 இருக்கிறது, 4 ஆக்கப்போகிறேன்" என்று அது காட்டிவிடும். ஆறு மாசம் ஒளிந்திருக்காது. ஆனால் இதிலும் தீர்ப்பு ஏட்டுக்குச் சாதகமாகத்தான். திட்டத்தை ஒருவர் உட்கார்ந்து படித்தால் தப்பிக்கலாம். படிக்காமல் சம்மதம் கொடுத்தாலோ, சம்மதமே தானாகக் கிடைக்கும்படி அமைத்திருந்தாலோ சர்வர் சுருங்கிவிடும். கிளவுட்ஃபார்மேஷனில் ஆறு மாசம் கழித்து நடந்தது இங்கே மறுநாள் நடக்கும், அவ்வளவுதான்.

படிக்கவைப்பதே பெரும்பாடு என்பதற்கும் இதே கருவியில் சாட்சி இருக்கிறது. 2021-இல் வந்த 0.15.4 பதிப்பில், தனக்கு வெளியே நடந்த மாற்றங்களையெல்லாம் தனிப் பட்டியலாகக் காட்ட ஆரம்பித்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் கிளவுட் நிறுவனமே தன் பக்கத்தில் ஓயாமல் சின்னச் சின்னதாக எதையாவது மாற்றிக்கொண்டிருக்கும். அதெல்லாம் பட்டியலில் வர, மக்கள் பட்டியலையே பார்க்காமல் கீழே தள்ளப் பழகிவிட்டார்கள். 2022-இல் 1.2 பதிப்பில், திட்டத்தைப் பாதிக்கக்கூடிய மாற்றங்களை மட்டும் காட்டும்படி சுருக்கினார்கள்.

ஸ்டேட்டில் பதிவாகாமல் யாரோ புதிதாக உருவாக்கிய சர்வர் டெர்ராஃபார்முக்கும் தெரியாது என்பதையும் சொல்லிவிடணும். அதைப் பொறுத்தவரை அப்படி ஒன்று உலகத்திலேயே இல்லை. மாசக் கடைசியில் பில் வரும்போதுதான் தெரியும்.

எரித்துவிடு என்றவர்கள்

இந்தத் தலைவலியே வேண்டாம் என்று ஒரு கூட்டம் வேறு பக்கம் போனது. 2012-இல் மார்ட்டின் ஃபவுலர் இரண்டு சின்னக் குறிப்புகள் எழுதினார். கையால் மாற்றி மாற்றி, உலகத்தில் வேறெங்கும் இல்லாதபடி ஆகிப்போன சர்வருக்குப் பனித்துகள் என்று பெயர் வைத்தார். அதற்கு மாற்றாக, அடிக்கடி எரிந்து சாம்பலிலிருந்து புதிதாக எழும் ஃபீனிக்ஸ் சர்வர். அடுத்த வருஷம் சாட் ஃபவுலர் (இவர் வேறு ஆள், சொந்தமில்லை) இன்னும் ஒரு படி மேலே போய், ஓடும் சர்வரில் எதையுமே மாற்றாதே, மாற்றம் வேண்டுமென்றால் புதிதாக ஒன்று செய்து பழையதைத் தூக்கிப்போடு என்றார். மாறா உள்கட்டமைப்பு என்ற யோசனை அங்கிருந்துதான் பரவியது.

வாடகைச் சர்வருக்கு இது பொருத்தமான வழி. கைவைத்தாலும் அந்த மாற்றம் நாளைக்கு இருக்காது, அதனால் யாரும் கைவைக்க மாட்டார்கள். ஆனால் டேட்டாபேஸை எரிக்க முடியாது. நெட்வொர்க்கை, டொமைன் பெயரை, யாருக்கு என்ன அனுமதி என்ற பட்டியலைத் தினமும் எரித்துப் புதிதாகக் கட்ட முடியாது. விலகல் சர்வரை விட்டு, எரிக்க முடியாத இடங்களுக்குக் குடிபெயர்ந்தது. டெம்ப்ளேட்டும் ஏபிஐயும் மோதிக்கொள்ளும் இடம் இன்றைக்குப் பெரும்பாலும் அதுதான்.

இது யாருடைய கட்டம்?

2014 ஜூனில் கூகுள் குபர்னெட்டிஸை அறிவித்தது. 1993-இன் ஆஸ்லோ யோசனை இதில் அடிப்படையாகவே வந்துவிட்டது. நிலையை எழுதிவைத்தால், கன்ட்ரோலர் என்ற சின்னப் புரோகிராம்கள் ஓயாமல் பார்த்துப் பார்த்து நிஜத்தை அதற்கு இழுத்துக்கொண்டே இருக்கும். ஆனால் கைவைக்கும் கை இங்கே மனுஷக் கையாக மட்டும் இல்லை. கூட்டத்தைப் பார்த்துப் பிரதிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைக்கும் புரோகிராமும் அதே ஏபிஐ கதவு வழியாகத்தான் வருகிறது. நீங்கள் ஏட்டில் 3 பிரதி என்று எழுதியிருக்கிறீர்கள். அது கூட்டத்தைப் பார்த்து 10 ஆக்கியிருக்கிறது. நீங்கள் வேறு ஏதோ மாற்றத்துக்காக ஏட்டைத் திரும்பக் கொடுக்கும்போது, நல்ல கூட்ட நேரத்தில், 10 மூன்றாகிவிடும். இங்கே கைவைத்தது தப்பா? அந்தப் புரோகிராமின் வேலையே அதுதானே!

இதற்குக் குபர்னெட்டிஸ் ஆவணங்கள் சொல்லும் வழி எளிமையானது: அந்த வரியை ஏட்டிலிருந்து எடுத்துவிடு. டெர்ராஃபார்மிலும் ஒரு குறிப்பிட்ட பண்பு மாறினால் கண்டுகொள்ளாதே என்று எழுதும் வசதி உண்டு. 2021 ஆகஸ்டில் குபர்னெட்டிஸ் 1.22 பதிப்பில் முழுமைபெற்ற சர்வர்-சைடு அப்ளை இதை ஒரு முறையாகவே ஆக்கியது. ஒவ்வொரு கட்டத்தையும் கடைசியாக எழுதியது யார், அது யார் பொறுப்பு என்று சர்வரே பதிவு வைத்திருக்கும். வேறொருவர் பொறுப்பில் இருக்கும் மதிப்பை நீங்கள் மாற்றி அப்ளை செய்யப்போனால், மோதல் என்று சொல்லி நிறுத்தும். வற்புறுத்தி எழுதலாம், அல்லது விட்டுக்கொடுக்கலாம். தெரியாமல் அழிப்பது மட்டும் குறையும்.

என் வாசிப்பில் இந்த முப்பது வருஷக் கதையின் திருப்பம் இங்கேதான். அதுவரை எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தது "எது உண்மை, ஏடா கொடியா?" என்ற கேள்வியை. அதற்கு ஒட்டுமொத்தமாகப் பதில் கிடையாது. கட்டம் கட்டமாகப் பிரித்து "இது யாருடையது?" என்று கேட்டால் பதில் கிடைக்கிறது. பட்டாவும் சர்வே கல்லும் ஒத்துப்போகாத ஊரில் கிழிப்பது எதை, பிடுங்குவது எதை என்று யாரும் ஆரம்பிப்பதில்லை. யார் அனுபவத்தில் இருக்கு, எப்போ மாறிச்சு, யாரிடம் கேட்டு மாறிச்சு என்றுதான் விசாரிப்பார்கள்.

கொடியிலிருந்து ஏட்டுக்கு

கருவிகளும் மெல்ல எதிர்த்திசையில் ஒரு பாதை போட்டிருக்கின்றன. கொடியில் இருப்பதை ஏட்டில் ஏற்றும் பாதை. டெர்ராஃபார்மில் இம்போர்ட் கட்டளை 2016-இல் 0.7 பதிப்பில் வந்தது. ஆனால் அது நினைவில் மட்டும் ஏற்றும். கோடை நீங்களே கையால் எழுதிக்கொள்ளணும். கோடையும் எழுதித் தரும் வசதி 2023 ஜூனில், 1.5 பதிப்பில். கிளவுட்ஃபார்மேஷனில் ஏற்கெனவே இருப்பதைச் சேர்க்கும் வசதி 2019 நவம்பரில் வந்தது. கணக்கில் இருப்பதைத் துழாவிப் பார்த்து டெம்ப்ளேட் எழுதித் தரும் வசதி 2024 பிப்ரவரியில். ஏட்டிலிருந்து கொடிக்குப் போக 2011-இலேயே வழி இருந்தது. திரும்பி வருவதற்கு இத்தனை வருஷம்.

ஏன் இவ்வளவு தாமதம்? தொழில்நுட்பக் காரணங்கள் உண்டு. ஏபிஐ சொல்லும் விவரங்களில் எது நீங்கள் கேட்டது, எது நிறுவனம் தானாகப் போட்டது என்று பிரிப்பதே கஷ்டம். பாஸ்வேர்ட் மாதிரி சிலவற்றைத் திரும்பப் படிக்கவே முடியாது. ஆனால் மனசில் இருந்த தடையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கையால் மாற்றுவது ஒழுங்கீனம், அதற்கு வழி செய்து கொடுத்தால் ஒழுங்கீனத்தை ஊக்குவிப்பதாகிவிடும் என்ற எண்ணம். 2017-இல் வீவ்வொர்க்ஸ் நிறுவனத்தின் அலெக்சிஸ் ரிச்சர்ட்சன் கிட்ஆப்ஸ் என்ற பெயரை முன்வைத்தபோது அந்த எண்ணம் இன்னும் பலமானது: எல்லா மாற்றமும் கிட் களஞ்சியத்தின் வழியாகவே வர வேண்டும், வெளியே நடந்ததெல்லாம் அழிக்கப்பட வேண்டும். ஆனால் அந்த வழியில் வேலைசெய்யும் பிரபலக் கருவியான ஆர்கோ சிடியில், கையால் செய்த மாற்றத்தைத் தானாக அழிக்கும் சுவிட்ச் ஆரம்பத்தில் அணைந்தேதான் இருக்கும். வேண்டுமென்றால் நீங்கள்தான் போட்டுக்கொள்ளணும். அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது.

ராத்திரி 2 மணிக்கு 16 என்று மாற்றியவர் ஒழுங்கில்லாதவர் அல்ல. அந்த நேரத்தில் அந்த சர்வரைப் பற்றி உலகத்திலேயே அதிகம் தெரிந்தவர் அவர்தான். 4 போதாது என்ற அறிவு, விலை கொடுத்து வாங்கிய அறிவு. அந்த அறிவு பதிவான ஒரே இடம் அந்த விலகல். அதைப் படிக்காமல் அழிக்கும் கருவி, சர்வரோடு சேர்த்து அந்த அறிவையும் பழைய நிலைக்குக் கொண்டுபோகிறது. அடுத்த கூட்டத்தில் இன்னொருவர் அதே விலையை மறுபடி கொடுப்பார். எல்லா விலகலும் இப்படி நல்லது என்று சொல்ல வரவில்லை. சோதனைக்கு என்று ஃபயர்வாலைத் திறந்துவிட்டு மூட மறந்ததும் விலகல்தான், திருடன் திறந்ததும் விலகல்தான். எது எது என்று படித்தால்தானே தெரியும்?

யார் செய்தது என்று பார்க்க அமேசானில் 2013 நவம்பரிலிருந்து கிளவுட்டிரெயில் என்ற பதிவேடு இருக்கிறது. எந்த ஏபிஐ கட்டளையை யார், எப்போது அனுப்பினார்கள் என்று அதில் இருக்கும். தனியாகச் சேமிக்கச் சொல்லாவிட்டால் 90 நாள்தான் பின்னோக்கிப் பார்க்க முடியும். நம்ம உதாரணத்தில் ஆறு மாசம் கழித்து வந்தவருக்கு அதுவும் கைகொடுக்காது. ஏன் செய்தார்கள் என்பது முதல் நாளிலிருந்தே அதில் கிடையாது.

இதையெல்லாம் படித்தபிறகு நான் வந்து நிற்கும் இடம் இது. கதவை முழுசாகப் பூட்ட முடியாது. பூட்டினால் ராத்திரி 2 மணிக்கு சைட் விழுந்தே கிடக்கும். ஆகவே ஏட்டைக் கொடிக்குத் தள்ளும் முன்னால், தினமும் ஒருமுறையாவது கொடியைப் பார்த்து வித்தியாசத்தை எழுதச் சொல்லணும். ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் ஒரு ஆள் இருப்பார், அவரிடம் கேட்கணும். புரோகிராம் மாற்றும் கட்டங்களை ஏட்டிலிருந்து எடுத்துவிடணும். மனுஷர் மாற்றியது சரி என்றால் அதை ஏட்டில் ஏற்றணும், தப்பு என்றால் கொடியைத் திருத்தணும். இதில் முதல் வேலையைக் கருவி செய்துவிடும். இரண்டாவது வேலையை, போய்க் கேட்பதை, இந்த முப்பது வருஷத்தில் எந்தக் கருவியும் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ராத்திரி டியூட்டிக்காரர் வேலையை விட்டுப் போவதற்கு முன்னால் யாராவது ஒருவர் அவரிடம் "இதை ஏன் 16 ஆக்கினீங்க?" என்று கேட்டு, பதிலை அந்த வரிக்குப் பக்கத்திலேயே ஒரு குறிப்பாக எழுதிவைத்திருந்தால் போதும், புதிதாக வந்தவர் அதை 8 ஆக்கியிருக்க மாட்டார்.